மறதிப் படலம்: கேஷ் இயலுக்கு ஓர் உரை

நூற்பா: கேட்டதைக் கேட்பின் சேர்த்ததைத் தருக.

என்பது, ஒரு குவெரி டேட்டாபேஸ்வரை போய் விடையோடு திரும்பியபின், அவ்விடையை ரேமில் வைத்துக்கொண்டு, அதே கேள்வியோடு அடுத்து வருபவருக்கு எடுத்துக் கொடுக்க என்றவாறு. செய்தித் தளம் ஒன்றின் முகப்பை நிமிடத்துக்கு ஆயிரம் பேர் திறக்கிறார்கள். தலைப்புச் செய்தியோ எல்லாருக்கும் ஒன்றுதான். விடைக்கு 60 வினாடி ஆயுள் குறித்தால் ஆயிரம் குவெரி ஒன்றாகச் சுருங்கும். அற்றேல், இன்னும் பெரிய டேட்டாபேஸ் சர்வர் வாங்கினால் ஆகாதோ எனின், ஆகும். மாத பில்லைக் கட்டுபவர் வேறொருவராயின் என்க.

இவ்வியலின் ஆசிரியர்கள் இருவர். தம் லைவ்ஜர்னல் தளம் கூட்டம் தாங்காமல் திணறியபோது 2003இல் மெம்கேஷ்டை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் முந்தியவர். 2009இல் ரெடிஸைத் தந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ பிந்தியவர். மாணவர் பலர் இருவரையும் கல்லாமலே இருவர் நூலையும் இன்ஸ்டால் செய்வர்.

நூற்பா: வைத்தல் எளிதே, மறத்தல் அரிதே.

படலத்தின் உயிர்நிலை இது. கடையில் விலை மாறிவிட்டது, திரையில் மாறவில்லை. வாடிக்கையாளர் போனில் கத்துகிறார். "ஒருதடவை கேஷை க்ளியர் பண்ணிட்டுப் பாருங்க சார்" என்கிறது மறுமுனை. இத்தொடர் விடையா, வழியனுப்பா என்பது இன்னும் ஆராயத்தக்கது.

எதை எப்போது மறப்பது? எழுதும்போதே பழைய கீயை, அதாவது விடை வைக்கப்பட்ட பெயரை, அழித்துவிடுக என்பர் ஒரு சாரார். அந்த விலையைத் தாங்கிய கீ எத்தனை என்பதை அழிப்பவன் அறிந்திருக்க வேண்டும் என்பதே அதில் இடர். இடம் போதாதபோது, எது மிகப் பிந்தித் தேவைப்படுமோ அதை நீக்குவதே உத்தமம் என்று 1966இல் உரைத்தார் கணினி ஆய்வாளர் பெலாடி. முறை பிழையற்றது. எதிர்காலம் தெரிந்தவர் கிடைக்காமையால், நெடுநேரம் தொடப்படாததை நீக்கி உலகம் காலம் தள்ளுகிறது.

டிடிஎல் எனும் ஆயுளைக் குறித்துவிட்டால் கவலை இல்லை என்பாரும் உளர். அற்றன்று. மெம்கேஷ்டில் 30 நாள், அதாவது 25,92,000 வினாடிவரை எழுதினால் அது ஆயுள். ஒரு வினாடி கூட்டினாலும் அவ்வெண்ணை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய தேதியாகவே அது கொள்ளும். அதன்படி உம் தரவு 1970 ஜனவரி 31 அன்றே காலமாயிற்று. ஓராண்டு வாழ்க என்று வாழ்த்திய புரோகிராமர், கேஷ் ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று விடியவிடியத் தேடுவார்.

இனி, ஆயுள் முடியும் அந்தக் கணம். கல்யாண வீட்டில் பந்திக் கதவு திறந்ததுபோல், காத்திருந்த ஆயிரம் பேரும் ஒரே விடைக்காக டேட்டாபேஸ்மேல் பாய்வர். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மருந்து கூறும்: ஒரு கீக்கு 10 வினாடிக்கு ஒருவருக்கே சீட்டு. சீட்டு பெற்றவர் மட்டும் டேட்டாபேஸுக்குப் போகலாம். ஏனையோர் சற்றுப் பொறுக்கலாம், அல்லது சற்றுப் பழைய விடையைப் பெற்றுக்கொண்டு நடையைக் கட்டலாம். இப்படி நெரிசலுக்கு ஆளாகும் கீக்களை ஒரு வாரம் கவனித்ததில், உச்சத்தில் வினாடிக்கு 17,000ஆக இருந்த குவெரி 1,300ஆகத் தணிந்ததாம். பழைய விடை பெற்றவர் எவரும் புகார் செய்ததாகக் கட்டுரையில் குறிப்பில்லை.