மந்திர அமெரிக்கா

ஐயா, ஆர்ஸன் ஸ்காட் கார்ட் 1987-இல் தொடங்கிய ஆல்வின் மேக்கர் நாவல்களில், ஏழாவது பிள்ளையாகப் பிறந்தால் மந்திர சக்தி சித்திக்குமாமே?

அவசரப்படாதீர். தகப்பனாரும் ஏழாவது பிள்ளையாக இருத்தல் வேண்டும். அதற்கும் மேலாக, ஜனன காலத்தில் மூத்த சகோதரர் அறுவரும் உயிரோடிருத்தல் வேண்டும். ஹாட்ராக் ஆற்றின் வெள்ளத்தில் மரத்தினால் மோதுண்டு நசுங்கிய தலைமகன், தம்பி பிறந்தான் என்னும் வரையில் தன் பிராணனைப் பிடித்துவைத்திருந்துவிட்டுப் போகிறான். குடும்பக் கட்டுப்பாட்டு யுகத்தில் மந்திரவாதிகள் அருகிப்போனதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

ஜார்ஜ் வாஷிங்டனை அக்கதையில் ராஜத்துரோகி என்று சிரச்சேதம் செய்துவிடுகிறார்களே, அடுக்குமா?

ஜயித்த ராஜத்துரோகிக்குத்தானே ஐயா தேசபிதா என்று பெயர்?

மந்திரக் கதையில் உண்மைச் சரித்திரத்துக்கு என்ன வேலை?

1988-இல் வந்த இரண்டாம் நாவலைப் படித்துப் பாரும். டிப்பிகானூவில் எதிர்த்து நில்லாத செவ்விந்திய மக்களைக் கொன்று குவித்தவர்களின் கரங்களில், அந்நியர் எவரைச் சந்திப்பினும், தாம் இழைத்த பாதகத்தை ஒளிக்காமல் சொல்லித் தீர்க்கும் வரையில் ரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும் என்று ஒரு சாபம் வருகிறது. அந்நாவல் வரிசை முழுவதிலும் இதற்கு ஈடான கற்பனை வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மெய்யான சரித்திரத்திலோ, 1811-இல் டிப்பிகானூவில் படை நடத்திய ஹாரிசன், அந்தக் கீர்த்தியையே கோஷமாக்கி 1840 தேர்தலில் ஜனாதிபதியானார்.

பதவியில் இருந்தது ஒரே மாதம்.