இன்டர்வியூ மாமா

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடிக்கத் தெரிந்தவர் இன்டர்வியூ மாமா. அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் அவருக்குக் கிளைகள் உண்டு. எந்தப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பித்தாலும் சேதி அவர் காதுக்கு எட்டிவிடும். எட்டியதும் படிக்கட்டுக் கதை ஆரம்பமாகும். "மாப்ளே, மாடியேறி உள்ள போனதும் சட்டுனு கேப்பாரு, எத்தனை படி ஏறி வந்தேன்னு. ஒருத்தன் பதினேழுன்னான். அந்த எடத்துலயே ஆர்டரு!" அறந்தாங்கிப் பதிப்பில் படி இருபத்திரண்டு. பொன்னமராவதிப் பதிப்பில் பையன் "லிஃப்ட்ல வந்தேன் சார்" என்று சொல்லி டெபுடி கலெக்டராகவே ஆகிவிடுகிறான். படியே ஏறாதவனுக்குத்தான் பெரிய பதவி. பிள்ளையின் கூர்மையைச் சோதிக்கிறார்கள் என்பது மாமாவின் விளக்கம். சோதிக்கட்டும். ஆனால் கட்டடத்தின் படிகள் நாளுக்கு நாள் கூடிக் குறைவதில்லை. முதலில் போனவன் வெளியே வந்து அடுத்தவனிடம் சொன்னால் கேள்வி அத்தோடு செத்தது. தமிழ்நாட்டு டீக்கடையெல்லாம் விடை தெரிந்த கேள்வியை எந்த அதிகாரி இன்னும் வைத்துக்கொண்டிருப்பார்?

அதைவிடப் பெரிய சங்கடம், மாமா பயிற்சி கொடுக்கும் அந்த நேர்முக அறையே பெரும்பாலான வேலைகளுக்கு இப்போது கிடையாது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டது. நம் பிள்ளைகள் அதிகம் எழுதும் மாநில அரசின் குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. அவ்வளவுதான். குரூப் 2-க்கும் 2024-ல் நேர்முகம் போய்விட்டது. குரூப் 1-ல் இருக்கிறதே என்று மாமா மடக்குவார். இருக்கிறது, 100 மதிப்பெண்ணுக்கு. அதற்கு முன்னால் முதன்மை எழுத்துத் தேர்வில் 750 மதிப்பெண்ணுக்கு எழுதியாக வேண்டும். அந்த 750-ஐப் பற்றி மாமாவிடம் ஒரு கதையும் இல்லை. விராலிமலைப் பக்கத் தொழிற்சாலைக்குப் போகிற பையனிடம் கேட்கப்போவதும் அவன் கற்ற தொழிலைப் பற்றித்தான்.

ஒன்றில் மட்டும் மாமா சொல்வது சரி. "சொந்த மாவட்டத்தைப் பத்திக் கேப்பாங்க" என்பார். நேர்முகத்தில் அது நடப்பதுதான். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948, மாவட்டமானது 1974, சித்தன்னவாசல், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு என்று அவர் அடுக்கும்போது கேட்கச் சுகமாகவே இருக்கும். பத்து நிமிஷம் இப்படிப் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்: "எல்லாம் உள்ள பேசி முடிச்சுட்டானுங்க மாப்ளே." இங்கேதான் சிரிப்பு நின்றுவிடுகிறது. மாமா தரகர் இல்லை. ஒரு பைசா தொட மாட்டார். ஆனால் காசில்லாமல் வேலையில்லை என்று வீட்டாரை நம்பவைத்த பிறகு, லட்சக்கணக்கில் கேட்டுக்கொண்டு தரகன் வந்தால் அவன் புதிதாக எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நிலத்தை அடகு வைத்த குடும்பத்துக்கு மாமா என்ன பதில் சொல்வார்? ஊழலே இல்லையா என்று அவர் கேட்கலாம். இருந்தால் புகார் கொடுக்க வேண்டும். சந்தை நிலவரம் போலப் பரப்பக் கூடாது.

உண்மையில் பிள்ளைகள் தடுக்கி விழுவது காகிதத்தில். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். தொடக்கப்பள்ளி ஆலங்குடியில், மேல்நிலை திருமயத்தில், கல்லூரி திருச்சியில் என்றால் இத்தனை இடத்திலும் சான்று வாங்க வேண்டும். தேர்ச்சி பெற்ற பிறகு இதற்கு அலைகிற பிள்ளைக்கு நேரம் போதாது. மாமா, உங்களுக்குத் தெரியாத தலைமையாசிரியர் இந்த மாவட்டத்தில் உண்டா? அடுத்த முறை பையனைக் கண்டால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுங்கள்.