குட்டியானையின் பாத இலக்கணம்: மாற்று டயர் தெரிதல் குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வில் குட்டியானை என்றது டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டியை; காட்டில் திரிவதை அன்று. 2005-இல் சந்தைக்கு வந்த இவ்வினம் தமிழ்நாட்டின் சந்துபொந்தெல்லாம் பரவி, தண்ணீர் கேன் முதல் சாமி ஊர்வலம் வரை சுமக்காத பொருளில்லை. அசல் யானையைப் பற்றிய பழைய நூல்கள் அதன் கால் நகங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன; பதினெட்டோ இருபதோ இருந்தால் உத்தமம். குட்டியானைக்கு நகம் கிடையாது. நான்கு கால், ஐந்தாவதாக ஒரு ஸ்டெப்னி. கால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். எதைக் கொண்டு மாற்றுவது என்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை வாசலில் நடக்கும் வாதங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கை ஒதுக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் எழும் வினா, டயர் எப்போது மொட்டையாகிறது என்பது. உற்பத்தியாளர் இதற்கு விடையை டயரிலேயே வைத்து அனுப்புகிறார். பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்தின் அடியில் சிறு ரப்பர் மேடு ஒன்று உண்டு; அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஓட்டுநர் மரபு இதை ஏற்பதில்லை. அம்மரபில் மொட்டை என்பது மூன்று படிகளை உடையது: ‘இன்னும் ஓடும்’, ‘மழைக்கு மட்டும் பாத்து ஓட்டணும்’, ‘கம்பி தெரியுது’. மூன்றாம் படிக்கு முன் கடைக்குப் போகிறவரை அம்மரபினர் வசதி படைத்தவர் என்று கருதுவர்.

கடைக்குப் போனபின் கல்வெட்டு வாசிப்பு தொடங்குகிறது. டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பதைப் படி எடுத்தால் பெரும்பாலும் இப்படி வரும்: 145 ஆர்12 எல்டி 8பிஆர் 86/84. இதற்கு உரை வருமாறு. 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். ‘ஆர்’ ரேடியல். 12 என்பது வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவதை அளவையியலார் கவனிக்க. ‘எல்டி’ என்றால் இலகு சரக்கு வண்டிக்கு உரியது. 8பிஆர் ஒரு காலத்தில் உள்ளே இருந்த பருத்தி இழை அடுக்குகளின் எண்ணிக்கை. இப்போது உள்ளே எட்டு அடுக்கு இல்லை, எட்டடுக்கின் வலு மட்டும் உண்டு. ஊரை விட்டுப் போனபின்னும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மிராசுதார்’ போல இதையும் கொள்க. வேகத்துக்கும் ஓர் எழுத்து உண்டு: ‘எல்’ என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், ‘பி’ என்றால் 150. தக்காளி ஏற்றிய குட்டியானைக்கு இந்த எழுத்தால் ஒரு பயனும் இல்லை.

நான்கு இலக்கத் தேதியை இன்னும் சொல்லவில்லை. ஓவல் கட்டத்துக்குள் 2224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் வார்த்தது. சோழர் கல்வெட்டுகள் ஆட்சியாண்டோடு நின்றுவிட, அறிஞர்கள் மிச்சத்தைக் கணக்கிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். டயரோ வாரம் வரை சொல்லிவிடுகிறது. ஆனாலும் படிப்பார் இல்லை. காரணம் எளிது. இந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும், அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டுவிட்டால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால்தான் தெரியும். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயர் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போகும். மாட்டுவதற்கு முன்பே உருட்டிப் பார்த்துப் படித்துவிடுவது நல்லது.

இனி 86/84. இவ்வாய்வின் கருப்பகுதி இதுவே. 86 என்பது கிலோ அன்று, சுமைக் குறியெண். அட்டவணையில் பார்த்தால் 530 கிலோ. சக்கரம் ஒற்றையாக இருந்தால் ஒரு டயர் அவ்வளவு தாங்கும். 84 என்பது இரட்டைச் சக்கரம் போடும்போது, 500 கிலோ. குட்டியானைக்கு ஒற்றைச் சக்கரம், ஆகவே 530. நான்கையும் கூட்ட 2120 கிலோ. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை முதல் வடிவத்தில் 750 கிலோ, சுமையோடு மொத்த எடை 1550. இடைவெளி தாராளமாக இருக்கிறது. பின் ஏன் டயர் வயிறு தள்ளுகிறது, ஏன் பட்டை உரிகிறது, ஏன் வெடிக்கிறது?

விடை கடை வாசலில் நிகழும் ஓர் உரையாடலில் உள்ளது. அதன் பாடம் ஊருக்கு ஊர் சற்றும் மாறுவதில்லை.

“என்ன லோடுண்ணே ஏத்துவீங்க?”

“பெருசா ஒண்ணும் இல்லண்ணே. காய்கறிதான்.”

“காய்கறி சரி, எவ்வளவு வரும்?”

“அது என்ன, சந்தைக்குப் போயிட்டு வர்றதுதானே.”

கேள்வி எடையைப் பற்றியது. விடை பயணத்தைப் பற்றியது. இம்மரபில் காய்கறி எடையற்ற பொருள். சிமென்ட் மூட்டைக்கு எடை உண்டு, கம்பிக்கு உண்டு, தக்காளிக்கும் முருங்கைக்காய்க்கும் கிடையாது. ஆயினும் தக்காளிப் பெட்டி 14 கிலோ என்று வைத்துக்கொண்டால், 53 பெட்டியில் 742 கிலோ ஆகிவிடுகிறது. 54-ஆவது பெட்டி சட்டத்துக்கு வெளியே ஏறுகிறது. பெட்டியின் சொந்த எடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வண்டிக்காரர்களும் சேர்ப்பதில்லை. மேலே கயிறு கட்டி ஒன்றரை டன் ஏற்றினால் வண்டியின் எடை சுமார் 800 கிலோவோடு சேர்ந்து 2300. டயர்களின் கூட்டுத் தகுதி 2120 என்பதை நினைவிற்கொள்க. அதுவும் நான்கும் சமமாகச் சுமந்தால். தொட்டி பின்னால் இருப்பதால் பின்னிரண்டும் அதிகம் சுமக்கும். மேலும் அந்த 530 கிலோ உரிய காற்று இருக்கும்போது மட்டுமே. காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடேறும், சித்திரை வெயிலில் தார்ச்சாலை மீதிச் சூட்டைக் கொடுத்துவிடும். பழியோ கம்பெனிக்கு.

அரசு இதற்கு மாற்று மருந்து வைத்திருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலே. நல்ல டயர் ஒரு ஜோடி இதைவிட மலிவு என்பது வெறும் தகவலுக்காக.

லாரி ஓட்டிப் பழகி குட்டியானைக்கு வந்த மூத்தவர்கள் தீர்வாகச் சொல்வது நைலான். ‘ரேடியல் சுவர் மெலிசு, நைலான் எதையும் தாங்கும்’ என்பது அவர்கள் சித்தாந்தம். நைலான் டயரின் சுவர் தடிப்பு, கல் குத்தினால் தாங்கும் என்பது மெய். அது கூடுதலாகச் சூடேறும், சீக்கிரம் தேயும் என்பதும் மெய். மூத்தவர்கள் ஐயுறும் ரேடியலும் புதிதன்று: பிரான்சின் மிஷலின் கம்பெனி அதற்குக் காப்புரிமை பெற்றது 1946-இல். அதே 1946-இல் சென்னை திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். பொம்மை பலூன் செய்து தொழில் தொடங்கியது. ரப்பருக்குள் காற்றடைக்கும் கலை அங்கிருந்து டயர் வரை வளர்ந்தது. எதைத் தேர்ந்தாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் போடக் கூடாது. இதில் எல்லா மரபினரும் வாயளவில் உடன்படுகின்றனர்.

கல்வெட்டில் மெய்க்கீர்த்திக்கு உள்ள இடம் டயரில் கம்பெனிப் பெயருக்கு. எழுத்துகளில் அதுவே பெரிது, விலையைத் தீர்மானிப்பதும் அதுவே. ‘எங்கப்பா காலத்துல இருந்து இதுதான்’ என்பது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. சச்சின் டெண்டுல்கர் மட்டையில் எம்.ஆர்.எஃப். என்று ஒட்டியிருந்ததும் சான்றாக எடுத்துவைக்கப்படுவதுண்டு. அம்மட்டை சதம் அடித்தது உண்மை; வெங்காயம் ஏற்றியதில்லை. என் கருத்தில், சுமைக் குறியெண்ணும் தேதியும் ஒத்திருந்தால் இரண்டு நல்ல கம்பெனிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, மாதமொருமுறை காற்று பார்ப்பவருக்கும் பார்க்காதவருக்கும் இடையிலான வேறுபாடு பெரிது.

இரண்டே டயர் வாங்கக் காசிருந்தால் புதியதை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா? நம் ஓட்டுநர்கள் ஒருமனதாக முன்னால் என்பார்கள்: ‘முன் டயர் வெடிச்சா ஸ்டேரிங் கையில நிக்காது.’ டயர் கம்பெனிகளோ பின்னால் போடச் சொல்கின்றன, ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம் என்பதால். நான் கம்பெனிகள் பக்கம், ஆனால் மிச்சமிருக்கும் இரண்டும் வெடிக்கும் நிலையில் இல்லையென்றால் மட்டும். வெடிக்கும் நிலையில் இருந்தால் அது எந்த அச்சுக்கும் உரியதன்று. ஸ்டெப்னிக்கும் அன்று, எத்தனையோ பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள் என்றாலும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ‘பில் வேணுமாண்ணே?’ என்ற கேள்வி குறையவில்லை. வேண்டும் என்று சொல்க. டயர் பழுதானால் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். புது டயரை மாட்டியபின் அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். அது நசுங்கியதால் டயரின் சுமைத்தகுதி நிரூபணமாகிவிடாது.

ஆகவே வாசகருக்கு ஒரே விண்ணப்பம். டயர் கடைக்குப் போகும் முன், வழக்கமாக ஏற்றும் லோடோடு ஒருநாள் எடைமேடையில் வண்டியை நிறுத்துங்கள். அந்தச் சீட்டைக் கடைக்காரரிடமோ வீட்டிலோ காட்ட வேண்டியதில்லை. 2120 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் மட்டும் ஒருமுறை பாருங்கள், போதும்.