சிங்கமா, புலியா?

கேள்வி: சிங்கமும் புலியும் நேருக்கு நேர் மோதினால் வெல்வது எது?

பதில்: உடல் எடையை அளவுகோலாகக் கொண்டால், 200 கிலோவைத் தாண்டி வளரக்கூடிய ஆண் வங்கப்புலி, பெரும்பாலும் 190 கிலோவுக்குள் அடங்கும் ஆசிய ஆண் சிங்கத்தைவிட வலியது, ஆயினும் தன் கூட்டத்தையும் எல்லையையும் காக்கப் பிற ஆண்களோடு பொருதும் சிங்கத்துக்குச் சண்டைப் பழக்கம் மிகுதி. தனித்து வாழும் புலியோ, காயம்பட்டால் இரை தேடித் தர உறவில்லாததால், சிறுநீரின் வாடையாலும் மரத்தில் இடும் நகக்கீறலாலும் தன் எல்லையை அறிவித்து, மோதலைக் கூடியவரை தவிர்க்கிறது. ஆசியச் சிங்கம் இன்று இயற்கையாக வாழும் குஜராத்தின் கிர்க் காட்டில் புலி இல்லையாதலால், இவ்விரண்டும் அங்கே சந்திப்பதே இல்லை. இரண்டையும் வென்ற ஒரே எதிரி, வேட்டையாலும் காடழிப்பாலும் அவற்றைச் சுருக்கிய மனிதனே. அவன் தோற்றால்தான் இரண்டும் வாழும்.