கிரிஃபினின் காது: கதாபாத்திர உருவாக்கம் குறித்த ஒரு முன்னாய்வு

மாயக் கதைக்கென்று சொந்தமாக ஒரு கிரிஃபினைப் படைக்கப் புறப்படுவோர் முதல் வேலையாகச் சிறகுக்கு வண்ணம் தேடுகிறார்கள். அஸ்திவாரமே கோணல். கழுகுத் தலை, கழுகுச் சிறகு, சிங்க உடல் மூன்றும் இரவல் சரக்கு. எதை மெருகேற்றினாலும் பெருமை உரியவனுக்கே போய்ச் சேரும். கிரிஃபினுக்கென்று சொந்தமாக இருப்பது காது ஒன்றே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

நிரூபணம் எளிது. கழுகுக்குக் காதுமடல் கிடையாது. இறகுக்கடியில் துளை மட்டும். சிங்கத்துக்கு உண்டு, ஆனால் வட்டமானது. கிரிஃபின் தலையிலோ அது கூராக நிமிர்ந்து நிற்கிறது. இந்தச் சொத்து எந்த வழியில் வந்தது என்று கேட்டால் இரு குடும்பமும் கைவிரிக்கும். கிரிஃபினைக் கட்டுக்கதை என்று தள்ளிய ரோமானியப் பிளினிகூடக் காதைக் குறிப்பிட மறக்கவில்லை. ஐரோப்பியக் குலச்சின்னங்களில் தலையை மட்டும் வரைந்திருந்தால், கழுகா கிரிஃபினா என்ற வழக்கைத் தீர்த்துவைப்பதும் காதுதான்.

சிறகுக் கட்சியார் சீறுவார்கள். சீறட்டும். கிரீட் தீவில் நாசஸ் அரண்மனையின் அரியணை அறைச் சுவரில் உள்ள கிரிஃபின்களுக்குச் சிறகே இல்லை. ஆங்கிலேயக் குலச்சின்ன மரபின் ஆண் கிரிஃபினுக்கும் இல்லை. அந்த இடத்தில் முட்கள். 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதையில் லூயிஸ் கரோலின் கிரிஃபின், ஓவியர் டெனியலின் படத்தில் சிறகோடு இருந்தும், அவசரம் என்று வந்தபோது ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் செய்கிறது. கணக்கும் எங்கள் பக்கம். ஆண் சிங்கம் ஏறக்குறைய 190 கிலோ. இன்று பறக்கும் பறவைகளிலேயே மிகக் கனமானவற்றுள் ஒன்றான கோரி பஸ்டர்டு 20 கிலோவை எட்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. சிங்க எடையோடு பறந்ததாகக் கருதப்படும், அழிந்துபோன பறக்கும் ஊர்வனமான குவெட்சால்கோட்லஸுக்குச் சிறகின் விரிப்பு 10 மீட்டர். அதை மடக்கி வைத்துக்கொண்டு உங்கள் நாயகன் சத்திரத்து வாசலில் எப்படி நுழைவான் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு வண்ணத்துக்கு வரவும்.

கோபி பாலைவனத்தில் கிடைத்த புரோட்டோசெராடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புகளே கிரிஃபின் கதைக்கு மூலம் என்றார் தொன்ம ஆய்வாளர் ஏட்ரியன் மேயர். இல்லை என்று மறுத்தார் தொல்லுயிரியலாளர் மார்க் விட்டன். எலும்பில் காதுமடல் மிஞ்சாது என்பதால் இருவரையும் வணங்கி விலகுகிறோம்.

இனிப் பாத்திரப் படைப்பு. வடக்கே கிரிஃபின்களிடமிருந்து தங்கத்தை அரிமாஸ்பியர் என்ற ஒற்றைக்கண்ணர்கள் திருடுவதாகச் சொல்லப்படுவதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒற்றைக்கண் மனிதர்கள் இருப்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றும் கூடவே சேர்க்கிறார். கிரிஃபின் விஷயத்தில் அவருக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. ஆக, கிரிஃபினின் தொழில் காவல். திருடன் இருட்டில் வருவான்; கழுகுக் கண்ணோ பகலுக்கானது. இருட்டில் சம்பளத்துக்கு வேலை செய்வது காது மட்டுமே.

எனவே உங்கள் கிரிஃபினுக்கு இடது காதைச் சற்று மந்தமாக்குங்கள். உடனே அது பாத்திரமாகிவிடும். நல்ல காது மேலே இருக்கும்படி இடப்பக்கமே திரும்பிப் படுக்கும்; யாராவது இடப்புறம் நின்று பேசினால் கேட்டதுபோல் தலையாட்டும்; இளைய கிரிஃபின் ஒன்று குகைக்கு வந்தால் அதைத் தனக்கு இடப்புறமாகவே உட்காரவைத்து, காரணம் கேட்டால் மரபு என்று உறுமும். அரிமாஸ்பியர்களில் ஒருவனுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும், அவன் ஏனோ யாரிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் பாகத்துக்கும் கதை கிடைக்கும்.

அலங்காரம் பற்றி ஒரு சொல். படம் வரைவோர் சிலருக்குக் கிரிஃபின் காதில் தங்க வளையம் மாட்டிவிடும் ஆசை வரும். இவ்வாய்வு அதை வன்மையாகக் கண்டிக்கிறது. பொக்கிஷக் காவலாளி காதில் தங்கம் மின்னினால் அதற்குப் பெயர் அலங்காரம் அல்ல, கையாடல்.