வெங்காயம் நறுக்காத கத்தி

சிங்கப்பூரில் வீடு தேடுபவருக்கு என்றாவது ஒருநாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து சாவி கிடைத்துவிடுகிறது. ஆனால் கூடாரப் பயணத்துக்கும் மலையேற்றத்துக்கும் ஏற்ற, விலையும் கட்டுப்படியாகிற ஒரு நடுத்தரக் கத்தியைத் தேடுபவருக்கு, அந்தக் கத்தி கைக்கு வந்து உறைக்குள் அமர்ந்த பிறகும் தேடல் முடிவதில்லை. கத்திப் புலவர் என்று நண்பர்களால் அவர் காதுபடவே அழைக்கப்படும் இவரை, ஞாயிறு காலை தேக்கா நிலையத்தின் உணவங்காடியில், எதிரே இருப்பவர் தோசையைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது எஃகில் கரிமம் எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பதைக் கொண்டே அடையாளம் காணலாம்.

அவர் வாழும் நாட்டின் நிலம் அவருடைய புலமைக்குச் சற்றும் ஒத்துழைப்பதில்லை. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றாகிய புக்கிட் தீமா 163.63 மீட்டர் உயரமே உடையது; அதன் உச்சிவரை தார்ச்சாலை செல்வதால், மூட்டுவலிக்காக மருத்துவர் நடக்கச் சொன்ன பாட்டிமார்கூடக் கையில் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கிவிடுகிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் முதலிய பூங்காக்களில் குறித்துக்கொடுத்த இடத்தில், அதுவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் கூடாரம் அடிக்கலாம். நெருப்பு வேண்டுமானால் அங்கே கட்டிவைத்திருக்கும் அடுப்புக் குழியில், பேரங்காடியில் வாங்கிய கரியைக் கொண்டு மூட்டிக்கொள்ளலாம். மரக்கிளையில் கைவைக்கலாம் என்றாலோ 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டம் குறுக்கே நிற்கும். விறகு பிளக்கும் வல்லமைக்காகவே தேர்ந்தெடுக்கப்படும் கத்திக்கு இந்தத் தீவில் பிளக்க விறகே இல்லை என்பது புலவருக்குத் தெரியாததன்று. "அவசரத்துக்கு வேணும்ல?" என்பதே அவருடைய ஒரே பதில். எந்த அவசரம் என்று துருவினால், மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒருவர் வழிதவறிப்போகும் நிலையை அவர் விவரிப்பார். அந்தக் காட்டிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் விடாமல் நடந்தால் பொழுது சாய்வதற்குள் பெருஞ்சாலை ஒன்றில் ஏறிவிடலாம் என்பதையும், அங்கே தேவைப்படுவது கத்தி அன்று, பேருந்து அட்டையே என்பதையும் அவரிடம் சொல்லிப் பயனில்லை.

ஆயினும் அவர் பேச்சில் விஷயம் உண்டு. நடுத்தரக் கத்தி என்பது ஏறத்தாழ 4 முதல் 6 அங்குல அலகு உடையது. மடக்குக்கத்தியைப் போல நடுவில் கீல் இல்லாமல் அலகும் பிடியும் ஒரே உடலாக இருப்பதால், கீலில் மண்ணும் மீன்செதிலும் புகுந்து இறுகுவது, திருகு தளர்ந்து ஆடுவது ஆகிய தொல்லைகள் இதற்கு இல்லை. அலகின் எஃகு கைப்பிடிக்குள் நீளும் பகுதியைக் கத்திப் பிரியர்கள் டாங் என்பர். அது பிடியின் கடைசிவரை முழு அகலத்தோடு ஓடினால் கத்தி உறுதியானது என்று கொள்ளப்படும். அந்த உறுதி எதற்கு வேண்டுமென்றால், பேட்டனிங் என்னும் செயலுக்கு, அதாவது கத்தியை விறகின் தலையில் வைத்து அதன் முதுகை இன்னொரு கட்டையால் ஓங்கி அடித்து விறகைப் பிளக்கும் வேலைக்கு. எஃகிலும் இரண்டு பெரும்பிரிவுகள் உண்டு: எளிதில் கூர் ஏறுவதும் அதே எளிமையோடு துருப்பிடிப்பதுமான கரிம எஃகு ஒன்று, குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பதால் துருவை எதிர்த்து நிற்கும் துருவேறா எஃகு மற்றொன்று. காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேலிருக்கும் சிங்கப்பூரில் இவற்றுள் எதை வாங்க வேண்டும் என்பதற்குப் புலமை தேவையில்லை.

யார் கேட்டாலும் புலவர் சரியான விடையையே சொல்கிறார். சுவீடனின் மோரா வட்டாரத்தில் 1891 முதல் கத்தி செய்துவரும் மரபிலிருந்து வருகிற மோரா கம்பேனியன், 104 மில்லிமீட்டர் அலகும் 2.5 மில்லிமீட்டர் பருமனும் உடையது, துருவேறா எஃகிலும் கிடைப்பது, இருவர் நல்ல உணவகத்தில் மதியம் சாப்பிடும் செலவுக்குள் அடங்குவது, முழு டாங் இல்லாவிட்டாலும் சாதாரண மனிதர் கொடுக்கும் எந்த வேலையிலும் ஒடியாதது. இந்த ஆலோசனையைக் கேட்டு அதை வாங்கிய தம்பிமார் பலர். வாங்கியவர்கள் அதோடு மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சொன்னவர் வாங்கியதோ, கால் அங்குலப் பருமனும் ஏறக்குறைய அரைக் கிலோ எடையும் உடைய கரிம எஃகுக் கத்தியாகிய கே-பார் நிறுவனத்தின் பெக்கர் பிகே2. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் தொழிற்சாலை பூசி அனுப்பிய கறுப்புப் பூச்சு எஃகின் அழகை மறைக்கிறது என்று அதையும் உரித்தெடுத்துவிட்டார். விலை குறைவு என்பதே இத்தேடலின் முதல் நிபந்தனையாக இருந்தது என்பதையும், பிறகு தோலுறை, இரண்டு வகைத் தீட்டுக்கற்கள், கூரை மெருகேற்றும் தோல்பட்டை, எண்ணெய் ஆகியவை அடுத்தடுத்து வந்து சேர்ந்தன என்பதையும் அவருடைய மனைவியார் தேதிவாரியாகச் சொல்லக்கூடியவர்.

இத்தகைய கத்தி எதை வெட்டுகிறது என்னும் கேள்வியே இவ்வகையினரைப் பற்றிய ஆய்வில் மையமானது. எதையும் வெட்டுவதில்லை என்பதே அதற்கான விடை. சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, பம்போட் எனப்படும் மரப்படகில் புலாவ் உபின் சென்று, ஜெலுத்தோங் முகாம் தளத்தில் கூடாரம் அடித்து, மாலையில் சமையலுக்கு உட்காரும் ஒரு நண்பர் குழுவை எடுத்துக்கொள்ளலாம். வெங்காயம் வந்திருக்கிறது, பலகை வந்திருக்கிறது. புலவர் இடுப்பில் அவ்வளவு பெரிய கத்தி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று எண்ணி, சமையற்கட்டுக் கத்தியை யாரும் எடுத்து வருவதில்லை.

"அண்ணே, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"வெங்காயம் நறுக்கத்தான்."

"வெங்காயத்துக்கா! புளிப்புப் பட்டா கறை பிடிச்சுக்கும்பா, இது கரிம எஃகு."

எலுமிச்சைக்கும் தக்காளிக்கும் இதே காரணம் பொருந்துவதால் அவையும் தள்ளப்படுகின்றன. மசாலா தடவி வந்த கோழியைத் துண்டாக்கக் கேட்டால், கொழுப்பு உறைக்குள் இறங்கித் தோல் ஊறிவிடும் என்கிறார். கூடாரக் கயிற்றை அறுக்கக் கேட்டால், கயிற்றில் மணல் ஏறியிருக்கிறது, மணல் கூரைத் தின்றுவிடும் என்கிறார். அட்டைப்பெட்டியைக் கிழிக்கக் கேட்டால், காகித அட்டையில் களிமண் கலந்திருக்கும், அது இன்னும் மோசம் என்கிறார். தரையில் கிடக்கும் மூங்கில் துண்டைச் சீவக் கேட்டால், மூங்கிலில் இயல்பாகவே சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு என்கிறார். இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் எதிரே இருப்பவரை வாயடைக்கச் செய்கிறது. இறுதியில் மசாலாப் பொட்டலங்களைப் பல்லால் கடித்துத் திறந்து, வெங்காயத்தைக் கையால் உடைத்து, கோழியை முழுதாகவே நெருப்பில் வைத்துச் சமையல் நடக்கும். வெளியே கருகி உள்ளே வேகாத அந்தக் கோழியைச் சுற்றி அமர்ந்திருப்போருக்குப் புலவர் கத்தியை உறையிலிருந்து உருவி, கைவிளக்கு வெளிச்சத்தில் அதன் விளிம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

புளிப்பை அவ்வளவு அஞ்சுகிறவர் வீட்டில் செய்யும் வேலை ஒன்று குறிப்பிடத்தக்கது. கரிம எஃகின்மேல் பாட்டினா என்னும் சாம்பல்நிறப் படலத்தை வேண்டுமென்றே வரவழைத்தால் செந்துரு எளிதில் ஏறாது என்பதால், அவர் அலகை வினிகரில் நனைத்த துணியால் இரவெல்லாம் சுற்றி வைக்கிறார். கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோலம் போல உருவம் எழுப்புகிறார். சில மாதங்கள் தொடர்ந்து வெங்காயம் நறுக்கியிருந்தாலே அந்தப் படலம் தானாக வந்திருக்கும். இதை எடுத்துச் சொன்ன தம்பி ஒருவருக்கு, அது சீராக வராது என்று பதில் கிடைத்தது.

கூர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் கத்திக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. அலகை இடது முன்கையின்மேல் படுக்கவைத்து மெல்ல இழுத்து மயிர் மழிகிறதா என்று சோதிப்பது அவர் வழக்கம். அதனால் மணிக்கட்டுக்கு மேல் ஒரு விரற்கடை வழுக்கை, பிறகு ஒரு விரற்கடை மயிர், மறுபடி வழுக்கை என அந்தக் கை ஆண்டு முழுவதும் காட்சி தருகிறது. வலக்கை அடர்த்தியாகவே இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி அவருக்குள்ள அச்சம் நியாயமானது. பொது இடத்தில் சட்டபூர்வமான நோக்கமின்றித் தாக்குதல் ஆயுதத்தை எடுத்துச் செல்வோருக்கு, அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்குதல் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமளிக்கிறது. ஆகவே எம்ஆர்டி ரயிலில் பயணம் செய்யும்போது கத்தி உறையிலும், உறை துண்டிலும், துண்டு பையின் அடியிலும் இருக்க, மேலே பானையும் அரிசியும் கூடாரமும் அடுக்கப்பட்டு, போகிற நோக்கம் தெரியும்படி முகாம் பற்றிய தாள்கள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்படுகின்றன. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும், சீருடைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஏறினால் புலவரின் நெற்றி வேர்க்கிறது. ஜொகூரின் கூனோங் லம்பாக்குக்கோ 1,276 மீட்டர் உயரமுள்ள கூனோங் லேடாங்குக்கோ போகலாம் என்று நண்பர்கள் திட்டமிடும்போது, உண்மையான காடும் மலையும் கடைசியில் கிடைக்கப்போகிற அந்தப் பயணத்துக்கு, உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியை நினைத்துக் கத்தியை அவர் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்.

இந்த வட்டாரத்துக் காடு தனக்கென்று உருவாக்கிக்கொண்ட கருவி பாராங் என்பதை அவர் கண்டுகொள்வதே இல்லை. மலாய் மக்களின் அந்த நீண்ட வெட்டுக்கத்தி, முனைப்பக்கம் எடை மிகுந்து, வீசும்போது தானே இறங்குமாறு அமைந்தது. சாறு மிகுந்த கொடிகளையும் இளந்தண்டுகளையும் தேங்காயையும் உத்தேசித்தது. சுவீடன் கத்தியோ பைனும் பிர்ச்சும் வளரும் குளிர்நாட்டில் உலர்ந்த கட்டையைச் சீவப் பிறந்தது. குண்டர் கும்பல்களின் சண்டைச் செய்திகளில் அடிபட்டு அடிபட்டுப் பாராங் என்னும் பெயருக்கே சிங்கப்பூரில் மதிப்புக் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் புலவர் அதை ஒதுக்குவதற்குக் காரணம் அதுவன்று. பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடிக் கட்டடத்திலுள்ள ராணுவப் பொருள் சந்தையையும் சையது ஆல்வி சாலையின் முஸ்தபா நிலையத்தையும் அலசி முடித்தவர், இரும்புக்கடை மூலையில் விலைச்சீட்டோடு தொங்கும் ஒரு பொருளை ஆராயத் தக்கதென்று எப்படிக் கருதுவார்?

கத்திப் புலவரால் அக்கம்பக்கத்துக்கு விளையும் நன்மை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தம் கத்தியைக் கொடுக்காதவர், பிறர் கத்தியைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் மழுங்கிய கத்தியால் தக்காளியை நசுக்கிக்கொண்டிருக்கும் பெண்மணியின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் மாலை, தக்காளியின் தோலில் வைத்த மாத்திரத்தில் இறங்கும்படி தீட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தருகிறார். அவர் புளோக்கில் பல வீட்டுச் சமையற்கட்டுகளுக்கு அவரே சாணை பிடிப்பவர், காசு வாங்குவதில்லை. ஊரிலிருந்து கப்பலில் வந்த அரிவாள்மணை ஒன்றை, மேல்மாடி மூதாட்டிக்காக, தரையில் அமர்ந்து, அலகின் வளைவுக்கேற்பக் கல்லைச் சாய்த்துச் சாய்த்து அவர் தீட்டும்போது, குரோமிய விழுக்காடு எதுவும் பேசப்படுவதில்லை. "நல்லா இருப்பா தம்பி" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, அதே மணையில் அமர்ந்து அவருக்கென்றே மாங்காய் நறுக்கிக் கொடுக்கும்போது, அந்தப் புளிப்பு எஃகில் படுவதைப் பற்றியும் அவர் வாய் திறப்பதில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளத் தக்கவையே. பொறுக்க முடியாதது, கத்தியைக் கொண்டுவந்துவிட்டால் தம் பங்கு முடிந்ததென்று அவர் கருதுவதுதான். எல்லாருடைய பையிலும் தண்ணீர் கனக்கும்போது அவர் பையில் தீட்டுக்கல் கனக்கிறது. அவருக்குத் தாகம் எடுக்கும்போது மற்றவர் தண்ணீர் குறைகிறது. கொசுமருந்து, கைவிளக்குக்கு மாற்று மின்கலம், மழைக்குப் போர்வை ஆகிய எதுவும் அவரிடம் இருந்ததாக வரலாறில்லை. கூடாரத்தின் முளைகளை அடிக்கும் நேரத்தில் அவர் எப்போதும் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார். அண்மைக் காலமாகக் குழுவினர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: வெங்காயம் முழுவதும் புலவர் பொறுப்பு, அதற்கென்று பக்கத்துக் கடையில் மூன்று வெள்ளிக்கு வாங்கிய, பிளாஸ்டிக் பிடிபோட்ட காய்கறிக் கத்தி ஒன்றும் அவர் கையில் கொடுக்கப்படுகிறது. அதன் எஃகு எவ்வளவு மட்டமானது என்று சொல்லிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் நறுக்கி முடித்துவிடுகிறார்; மிகப் பொடியாகவும் சீராகவும் நறுக்குகிறார்.