மெத்தை படித்தவர்

மெத்தப் படித்தவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. பேசுவார்கள், காபி வந்தால் குடிப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு சாமான் வாங்குவதற்காகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குக்கர் வேண்டும் என்று வீட்டில் வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதம் குக்கரைப் படிப்பார்கள். அந்த ஆறு மாதமும் பழைய குக்கரில் பருப்பு வேகாமல் கிடக்கும். ஒருவழியாக வாங்கி வந்த மறுநாள், அதே குக்கர் அடுத்த தெருவில் நூற்றைம்பது ரூபாய் குறைவு என்று தெரியவரும். அப்புறம் ஒரு வாரத்துக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

மதுரையில் இருக்கும் என் நண்பர் இந்த ரகத்தில் மூத்த குடி. வங்கியில், கடன் கொடுக்கும் பிரிவில் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பொய்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது தொழில் பழக்கம். போன வருடம் மின்விசிறி வாங்கினார். வாங்கி முடிப்பதற்குள் கோடை முடிந்துவிட்டது. இந்த வருடம் மெத்தை.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் குனிந்து பேப்பரை எடுத்தவர், நிமிரவில்லை. அப்படியே வளைந்தபடி ஆட்டோவில் ஏறிப் போனார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், “எதில படுக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் வினை.

அவர் படுத்திருந்தது இலவம்பஞ்சு மெத்தை. கட்டில், பீரோ, குத்துவிளக்கு என்று சீர்வரிசையோடு போடிநாயக்கனூரிலிருந்து லாரியில் வந்தது. ஏலக்காய்க்கு மட்டுமல்ல, இலவம்பஞ்சுக்கும் பேர்போன ஊர் அது. மாமனார் கூடவே நின்று பஞ்சு பார்த்து எடுத்து, நீலக் கோடு போட்ட மெத்தைத் துணியில் தைத்து வாங்கியது. வருடத்துக்கு ஒருமுறை மொட்டைமாடி வெயிலில் போட்டு, பிரம்பால் நாலு சாத்து சாத்துவார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை, வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிக்கிறவர் தெருவில் வருவார். பிரித்து, டொய்ங் டொய்ங் என்று அடித்து, பழையபடி தைத்துக் கொடுப்பார். அவர் வருவது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. பஞ்சு கட்டி கட்டியாகி, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது.

நண்பர் 86 கிலோ, அவர் மனைவி 54. ராத்திரி சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாகத் திரும்பிப் படுத்தாலும், விடியும்போது இரண்டு பேரும் பள்ளத்தில் சமாதானமாகிக் கிடப்பார்கள். அந்த மெத்தை தீர்த்துவைத்த பஞ்சாயத்துகள் கொஞ்சமில்லை.

“மெத்தையில பள்ளம் இருக்கு” என்றார் நண்பர்.

“எங்கப்பா போட்ட மெத்தையிலயா?”

“இருபத்து நாலு வருஷமாச்சும்மா.”

“அப்ப நீங்க 58 கிலோ. பள்ளம் எதனால விழுந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.”

சீராக வந்த பொருளில் குறை சொல்வது எவ்வளவு கடினம் என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். மிக்ஸி ரிப்பேர் என்றால்கூட, மாமனார் பேச்சு வராமல் சொல்ல வேண்டும். நண்பர் தந்திரமாக விஞ்ஞானத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

மூன்று மாதம் படித்தார். அந்தப் படிப்பு எனக்கும் வந்து சேர்ந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல், தொலைபேசி வழியாக.

“மாப்ள, கடையில விக்கிற சிங்கிள் மெத்தை 36 அங்குல அகலம். குவீன் சைஸ் 60. ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 30. அதாவது பிரம்மச்சாரிக்கு 36, கல்யாணமானவனுக்கு 30. இதை எவனாவது தாலி கட்டுறதுக்கு முன்னாடி சொன்னானா?”

“அப்ப 72 அங்குலம் வாங்கு.”

“கிங் சைஸ். ரெண்டு பிரம்மச்சாரி. ஆனா கட்டில் இடிக்குதே!”

கட்டில் தேக்கு, ஆசாரி வீட்டிலேயே உட்கார்ந்து செய்தது. டேப் வைத்து உள்ளளவு எடுத்தால், நீளம் 74½, அகலம் 59. கடைகளில் நீளம் 72, 75, 78 என்றுதான் வரும். 72 வாங்கினால் கால்மாட்டில் இரண்டரை அங்குலச் சந்து விழுந்து, கண்ணாடியும் ரிமோட்டும் அதற்குள் போய்ச் சேரும். 75 வாங்கினால் உள்ளே இறங்காது. அளவு சொல்லிச் செய்யச் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. புதிதாக மெத்தை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டிலை முதலில் அளந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொரு ராத்திரி மெமரி ஃபோம். “நாசா கண்டுபிடிச்சது மாப்ள, 1966. விமான சீட்டுல உட்கார்றவனுக்கு அடிபடாம இருக்க. உடம்புச் சூட்டுக்கு இளகி, நம்ம வடிவத்துக்கு வந்துரும்.” எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உடம்புச் சூட்டுக்கே இளகுகிற சாமான், மதுரையில் மே மாத ராத்திரிக்கு என்ன ஆகும்? எதிர்முனையில் நெடுநேரம் மௌனம். நாசா அன்றோடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அவருக்கு உண்மையான எதிரி அவருடைய அம்மாதான். கட்டாந்தரையில் பாயை விரித்துப் படுத்தால் முதுகுவலி ஓடிவிடும் என்பது எண்பது வயது அம்மாவின் கட்சி. நண்பர் லான்செட் என்ற மருத்துவ இதழை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். “2003-ல வந்திருக்கும்மா. ஸ்பெயின்ல முதுகுவலிக்காரங்க 313 பேரு. பாதிப் பேரைக் கெட்டி மெத்தையில, பாதிப் பேரை நடுத்தரமான மெத்தையில 90 நாள் படுக்க வச்சிருக்காங்க. நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் வலி நல்லாக் குறைஞ்சுது.” அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவுகள்ல யாராச்சும் தரையில படுத்துப் பாத்தாகளாடா?” என்றார். ஆராய்ச்சியில் அந்தப் பிரிவு இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். போன வருடம் ஒரு மெத்தை வாங்கியவன் என்ற தகுதியில் போனேன். நண்பர் கையில் நோட்டு, சட்டைப்பையில் டேப், துணிப்பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

மெத்தைக் கடையில் நம் ஜனங்களை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? யாரும் படுக்க மாட்டார்கள். கட்டை விரலால் அழுத்துவார்கள். உள்ளங்கையால் தட்டுவார்கள், தர்ப்பூசணி வாங்குகிற மாதிரி. கொஞ்சம் துணிந்தவர் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை எம்பிப் பார்ப்பார். பத்து வருடம் முதுகு படப்போகிற சாமானுக்கு விரல்தான் தீர்ப்புச் சொல்லும்.

“இது ஆர்த்தோ சார்” என்றான் கடைப் பையன்.

“ஆர்த்தோன்னா?”

“முதுகுக்கு நல்லது சார்.”

“யார் சொன்னா?”

“மேலயே எழுதியிருக்கு பாருங்க சார்.”

நண்பர் நோட்டில் ஒரு கோடு கிழித்தார். பையன் தேங்காய் நார் மெத்தைக்குப் போனான். நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்தது, காற்றோட்டம் உண்டு, விலையும் கை கடிக்காது. அம்மாவுக்குப் பிடிக்கும் அளவுக்குக் கெட்டி. அதனாலேயே நண்பருக்குப் பிடிக்கவில்லை. அடுத்து ஃபோம். “40 டென்சிட்டி சார், கல்லு மாதிரி இருக்கும்.” இதற்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தார் மனிதர். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்கிற கணக்கு, கெட்டியா மெத்தென்றா என்பது வேறு கணக்கு, எடை கூடினால் உழைக்கும், அதற்காகக் கல்லாகிவிடாது என்று பாடம் எடுத்தார். பக்கத்தில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்து, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டது.

ஸ்பிரிங் பக்கம் வந்தபோது பையனுக்கு வாய் திறந்தது. “சாதா ஸ்பிரிங்ல எல்லாத்தையும் கம்பியால கட்டியிருக்கும் சார். ஒண்ணு அமுங்குனா பக்கத்துல இருக்கறதும் அமுங்கும். பாக்கெட் ஸ்பிரிங்னா ஒவ்வொண்ணும் தனித்தனித் துணிப்பைக்குள்ள இருக்கும்.”

“அது கூட்டுக் குடும்பம், இது தனிக்குடித்தனம்” என்றார் நண்பரின் மனைவி. கடைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“படுத்துப் பாருங்க சார். அக்கா, நீங்களும். ஒரு பத்து நிமிஷம் படுத்தாத்தான் தெரியும்.”

கடை முகப்பு முழுவதும் கண்ணாடி. வெளியே பஸ் ஸ்டாப். பெரியார் நிலையம் போகிற பஸ் ஒன்று மெதுவாக வந்து நின்றது. ஜன்னலோரத் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டி நிமிர்ந்து படுத்தார், திருவரங்கத்துப் பெருமாள் மாதிரி. காலடியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாயார். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மறுத்துவிட்டார்.

“என்னங்க, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாக.”

“ரெண்டு பேரும் படுத்தாத்தானே அசைவு தெரியும்?”

“அண்ணன் இருக்காருல்ல? அண்ணே, நீங்க படுங்கண்ணே.”

நான் படுத்தேன். வேறு என்ன செய்வது? நண்பர் துணிப்பையிலிருந்து டம்ளரை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அவர் பக்கம் மெத்தையின் மேல் வைத்தார். “இப்ப நீ புரண்டு படு மாப்ள. அப்படியில்ல, கோவமாப் புரளு.” நான் கோபமாகப் புரண்டேன். தண்ணீர் லேசாக ஆடியது, சிந்தவில்லை. “நீ 75 கிலோ இருப்ப. அவ 54. இதுக்கே சிந்தலைன்னா பாஸ்” என்று எழுதிக்கொண்டார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே எங்கள் தெரு இஸ்திரிக்காரர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடு போட்டார். படுத்தபடியே நானும் போட்டேன்.

பையன் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. நண்பரின் மனைவி உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீங்க எப்பவும் ஓரத்துலதான் உட்கார்ந்து எந்திரிப்பீங்களா? அப்ப ஓரம் நல்லாத் தாங்குற மாதிரி பாக்கணும்.”

“ஓரத்துலதான் தம்பி. கதவுப் பக்கம்.”

“உனக்கு அந்தப் பக்கம்தானே பிடிக்கும்?” என்றார் நண்பர், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

“யாரு சொன்னா? அஞ்சரைக்குப் பால்காரர் பெல் அடிப்பாரு. மகன் சின்னவனா இருக்கையில ராத்திரி ரெண்டு தடவை எந்திரிப்பான். இப்ப அத்தை கூப்புடுறாக. உங்களைத் தாண்டியா ஏறிக் குதிச்சு வர முடியும்? எனக்குச் சுவத்துப் பக்கம்தான் பிடிக்கும். போடியில அப்படித்தான் படுப்பேன்.”

நண்பர் நோட்டைப் புரட்டினார். டென்சிட்டி இருந்தது, நாசா இருந்தது, ஸ்பெயின் இருந்தது. இது இல்லை. பேனாவைத் திறந்தார், என்ன தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார்.

பாக்கெட் ஸ்பிரிங்கே முடிவானது. 74 அங்குலத்துக்கு 59, அளவு சொல்லி. பேரம் கால் மணி நேரம் நடந்தது. கடைக்காரர் இரண்டு தலையணை இலவசம் என்றார். “தலகாணி வேண்டாம், அதுக்குப் பதிலாக் காசைக் குறைங்க” என்று நண்பரின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். காரணம் பிறகுதான் தெரிந்தது. பழைய மெத்தையைப் பிரித்து, தெற்குவாசல் பக்கம் ஆள் தேடிப் பிடித்து, பஞ்சை அடித்து, நாலு தலையணையும் அம்மாவுக்கு ஒரு திண்டும் தைத்துவிட்டார். அப்பாவின் பஞ்சு வீட்டை விட்டுப் போகவில்லை.

மெத்தை வந்து இறங்கிய அன்று நண்பர் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லையாம். கறை பட்டால் வாரண்டி போய்விடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம். பாக்கெட் ஸ்பிரிங் சத்தமே போடவில்லை. பிளாஸ்டிக்தான் விடிய விடிய மொறுமொறு என்றது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் தின்கிற மாதிரி. மூன்றாம் நாள் அவர் மனைவி கத்தரிக்கோலை எடுத்தார்.

பத்து நாள் கழித்து, நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில், என்னிடமே தங்கிவிட்ட டேப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் வீட்டு பெல்லை அடித்தேன். காலை ஆறு மணி இருக்கும். நண்பரே கதவைத் திறந்தார். கையில் பால் பாக்கெட். முடி கலைந்து, கண் சிவந்திருந்தது. உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற வாசனை.

“மெத்தை எப்படிய்யா இருக்கு?”

“மெதுவாப் பேசு மாப்ள” என்றார். “அவ தூங்குறா.”